டெமிரெலுக்கு ஒரு கொள்கை இருந்தது

துருக்கி அரசியலை எழுதுகிறவர்கள் சுலேமான் டெமிரெலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாசகங்களைத் தவறாமல் கொண்டுவந்து வைப்பார்கள். "நேற்று நேற்றுதான், இன்று இன்றுதான்" என்று அவர் சொன்னது ஒன்று. ஆறு முறை பதவியை விட்டுப் போய் ஏழு முறை திரும்பி வந்தவர் என்பது மற்றது. இவற்றைக் கொண்டே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்: காற்றடித்த பக்கம் சாய்ந்தவர், கொள்கை என்று ஒன்றும் இல்லாதவர், பிழைக்கத் தெரிந்தவர். அவரைப் போற்றுகிறவர்களும் இதையேதான் இனிப்பான குரலில் சொல்கிறார்கள். சித்தாந்தப் பிடிவாதம் இல்லாத பொறியாளர்; அணை கட்டினார், சாலை போட்டார், எல்லாத் தரப்போடும் பேசினார்; அதனால்தான் நாடு அவரை 'அப்பா' என்று அழைத்தது என்கிறார்கள்.

ஒரு தரப்பு வசையாகச் சொல்வதை மறுதரப்பு வாழ்த்தாகச் சொல்கிறது. கொள்கை இல்லாத மனிதர் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நான் அதை முழுமையாக மறுக்கிறேன். டெமிரெலுக்கு ஒரு கொள்கை இருந்தது. முப்பது வயதில் அணைத் திட்டங்களின் பொறுப்பில் இருந்தபோது எதை நம்பினாரோ அதையே எழுபத்தைந்து வயதில் குடியரசுத் தலைவர் மாளிகையை விட்டு இறங்கும்போதும் நம்பினார். அவர் துருக்கிக்குச் செய்த நன்மை அந்த நம்பிக்கையில் விளைந்தது. அவர் காலத்தில் துருக்கிக்கு நேர்ந்த கேடுகளில் பலவும் அதில்தான் விளைந்தன.

அவர் 1924 நவம்பர் 1இல் இஸ்பார்டா மாகாணத்தின் இஸ்லாம்கோய் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் ஆடு மேய்த்ததால் 'இடையன் சுலு' என்ற பெயர் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. 1949இல் இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றார். அரசின் மின்னாற்றல் ஆய்வு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து, இரு முறை அமெரிக்கா சென்று பாசனமும் அணைக் கட்டுமானமும் பயின்றார். 1955இல், முப்பது வயதில், அரசு நீர்ப்பணித் துறையின் தலைமை இயக்குநர் ஆனார். அட்னான் மெண்டரெஸ் பிரதமராக இருந்த காலம் அது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் தவித்த அதனா நகருக்கு மேலே சேய்ஹான் அணை 1956இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சக்காரியா ஆற்றில் சரியார், அதற்குப் பின் ஹிர்ஃபான்லி, கெமர் என்று அணைகள் வரிசையாக எழும்பின. ஆற்று நீரைத் தடுத்து நிறுத்தினால் சமவெளியில் பருத்தி விளையும், சிற்றூரில் விளக்கு எரியும் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறையின் மனிதர் அவர். அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுகிறவர் டெமிரெலைப் புரிந்துகொள்ள முடியாது. மின்சாரம் என்றால் என்னவென்று தெரியாத கிராமங்கள் அன்று அனத்தோலியா முழுவதும் இருந்தன. அப்படிப்பட்ட கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர், அரசின் வேலை இதுதான் என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை.

அந்த முடிவைத்தான் அவருடைய கொள்கை என்கிறேன். அரசு என்பது பணிகளைச் செய்து முடிக்கும் அமைப்பு. அதற்கு ஆணை தருவது வாக்குச்சீட்டு. ஆணை கிடைத்தபின் அடுத்த தேர்தல்வரை நடுவில் வேறு யாரும் குறுக்கே வரக்கூடாது. ராணுவமும் வரக்கூடாது, தெருவில் இறங்கும் மக்களும் வரக்கூடாது. குடிமக்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் கடனுதவியும் அரசு தரவேண்டியவை. உரிமைகள், நாடு வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை. இதை அவர் நூலாக எழுதி வைக்கவில்லை. ஆனால் ஐம்பதாண்டு நடவடிக்கைகளை அடுக்கிப் பார்த்தால் இதைத் தவிர வேறு நூலில் அவை கோர்க்கப்படவில்லை.

மெண்டரெஸை 1960இல் ராணுவம் கவிழ்த்து அடுத்த ஆண்டு தூக்கிலிட்டது. டெமிரெல் அரசுப் பணியை இழந்தார். மாரிசன்-நூட்சன் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்தார். இடதுசாரிகள் 'மாரிசன் சுலேமான்' என்று பின்னாளில் வசைபாடியது இதை வைத்துத்தான். மெண்டரெஸின் வாக்காளர்களைத் திரட்டிய நீதிக் கட்சிக்கு 1964 நவம்பரில் தலைவரானார். அடுத்த அக்டோபரில் 52.9 சதவீத வாக்கோடு, நாற்பத்தோராவது பிறந்தநாளுக்கு முன்பே பிரதமர். ஒரு விவசாயி மகன் அங்கே போய் உட்கார்ந்தது அந்நாட்டின் சிற்றூர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை நகர்ப்புறப் படிப்பாளிகள் அன்றும் உணரவில்லை, இன்றும் பலர் உணரவில்லை.

கம்யூனிச எதிர்ப்பை மேடைதோறும் முழங்கிய கட்சி அவருடையது. அதே டெமிரெல் 1967இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டார். இஸ்கெந்தெருன் இரும்பாலை, செய்திஷெஹிர் அலுமினிய ஆலை, அலியாவா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் மாஸ்கோவின் கடனிலும் தொழில்நுட்பத்திலும் எழுந்தவை. வாய் ஒன்று, கை ஒன்று என்று காட்ட இதைச் சான்றாக வைப்பார்கள். எனக்கு இது நேர்மாறான சான்றாகத் தெரிகிறது. ஆலை வரவேண்டும் என்பதுதான் அவருடைய உறுதி. கடன் யார் தந்தாலும் சரி. எது அவருக்கு அடிப்படை, எது மேடைப் பேச்சு என்பதை இந்த ஒப்பந்தம் ஐயமறக் காட்டிவிடுகிறது.

அதே ஆட்சி உள்நாட்டு இடதுசாரிகளை நடத்திய விதத்தைப் பாருங்கள். 1965 தேர்தலில் துருக்கித் தொழிலாளர் கட்சிக்கு மூன்று சதவீத வாக்குகள் கிடைத்தன. உதிரி வாக்குகளையும் கணக்கில் எடுத்த அன்றைய தேர்தல் முறையில் பதினைந்து இடங்களும் வந்தன. பதினைந்து பேர் 450 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை அரசை என்ன செய்துவிட முடியும்? கேள்வி கேட்க முடியும். கேட்டார்கள். 1968இல் டெமிரெலின் கட்சி அந்தத் தேர்தல் முறையை மாற்றியது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ அதே அளவு வாக்கு வாங்கிய தொழிலாளர் கட்சிக்கு இரண்டே இடங்கள். மாஸ்கோவிலிருந்து உருக்கு வரலாம், அங்காராவின் அவையில் கேள்வி வரக்கூடாது. கொள்கையற்ற ஒருவர் இந்தப் பதினைந்து பேரோடு பேரம் பேசியிருப்பார். டெமிரெலுக்கு அவர்கள் வேலைக்கு இடையூறு.

அவருடைய ஆதரவாளர்கள் பெருமையோடு நினைவுகூரும் வாசகம் ஒன்று உண்டு. ஊர்வலங்கள் பெருகியபோது, "நடப்பதால் சாலைகள் தேய்ந்துவிடாது" என்றார். சகிப்புத்தன்மைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள். சாலை போடுகிறவரின் பார்வை அதில் அப்படியே இருக்கிறது: நீங்கள் நடப்பதால் எதுவும் ஆகிவிடாது, நடந்துகொள்ளுங்கள். ஊர்வலத்தில் வருகிறவர் சொல்வது அரசின் முடிவை மாற்றக்கூடும் என்ற எண்ணத்துக்கே அந்த வாசகத்தில் இடமில்லை. நடப்பது எதையோ மாற்றிவிடும் என்று தெரிந்த நாளில் சகிப்பும் முடிந்தது. புரட்சிகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை ஒடுக்குவதற்காகத் தொழிற்சங்கச் சட்டங்களை 1970இல் அவருடைய பெரும்பான்மை திருத்தியது. ஜூன் 15, 16 தேதிகளில் இஸ்மித்திலிருந்து இஸ்தான்புல்வரை ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, ராணுவச் சட்டம் வந்தது. அந்தத் திருத்தங்களின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தொழிலாளர்கள் சாலையில் சொன்னதைத்தான் நீதிபதிகள் தாளில் எழுதினார்கள்.

1971 மார்ச் 12. தளபதிகள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். டெமிரெல் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கோழைத்தனம் என்று இதைச் சொல்வது எளிது. ஆனால் 1973இல் அதே தளபதிகள் ஃபரூக் குர்லரைக் குடியரசுத் தலைவராக்க முயன்றபோது, டெமிரெல் எதிர்க்கட்சித் தலைவர் எஜெவிட்டோடு சேர்ந்து நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அதை முறியடித்தார். அவையின் மேல்மாடத்தில் ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சுற்றுக்குச் சுற்று உறுப்பினர்கள் குர்லருக்கு வாக்களிக்க மறுத்தார்கள். கோழைக்கு இது கைவராது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனிதர் தெளிவாகத் தெரிகிறார். வாக்குச்சீட்டைக் கொண்டு எதிர்க்க முடிந்தபோது எதிர்த்தார். மக்களைத் தெருவுக்கு அழைத்துத்தான் எதிர்க்க முடியும் என்ற நிலையில் வீட்டுக்குப் போனார். மக்களைத் தேர்தலுக்கு வெளியே அழைப்பது அவருடைய அகராதியிலேயே கிடையாது.

இந்த இரண்டுக்கும் இடையே 1972 இருக்கிறது. டெனிஸ் கெஸ்மிஷ், யூசுஃப் அஸ்லான், ஹுசைன் இனான் என்ற மூன்று இடதுசாரி இளைஞர்களின் மரண தண்டனை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தது. அவர்கள் யாரையும் கொல்லவில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த இஸ்மெத் இனோனுவும் எஜெவிட்டும் எதிர்த்தார்கள். டெமிரெல் ஆதரவாகக் கை உயர்த்தினார். மே 6 விடியலில் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1961இல் மெண்டரெஸும் அவருடைய இரு அமைச்சர்களும் தூக்கிலிடப்பட்டதற்கு மூன்றுக்கு மூன்று என்று வலதுசாரிகள் கணக்குத் தீர்த்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அவருடைய கட்சிக்காரர்கள் பலருக்கு அது பொருந்தலாம். டெமிரெல் பழிவாங்கும் சுபாவம் உள்ளவர் அல்லர். தன்னைச் சிறைவைத்தவர்களிடம்கூடப் பின்னாளில் அவர் கணக்குத் தீர்க்கவில்லை. அந்தக் கை உயர்ந்ததற்கு வெறுப்பு தேவைப்படவில்லை என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. வாக்குப்பெட்டிக்கு வெளியே அரசை எதிர்த்தவர்களுக்கு அவருடைய உலகில் இடமே இருக்கவில்லை. கொள்கையில்லாதவர் என்று சொல்லி இந்தக் கையை விளக்க முடியாது.

1975இல் 'தேசிய முன்னணி' என்ற பெயரில் அவர் அமைத்த கூட்டணியை நீளமாக விவரிக்க வேண்டியதில்லை. அவையில் மூன்றே உறுப்பினர் கொண்ட துர்கேஷின் தேசியவாதக் கட்சிக்கு இரண்டு அமைச்சர் பதவிகள் கொடுத்தார். தெருக்களில் ஆயுதம் ஏந்தித் திரிந்தவர்களுக்கு அரசின் நிழல் கிடைத்தது. ஆட்சியமைக்கத் தேவையான எண்ணிக்கையைப் பார்த்தார், எண்ணிக்கைக்குப் பின்னால் நின்ற துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. வலதுசாரிகள் கொலை செய்கிறார்கள் என்று என்னைச் சொல்லவைக்க முடியாது என்று அவர் கூறியது அந்தக் காலத்தில்தான். அந்த வாசகத்துக்கு விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பொருளாதாரம் முடங்கிக் கிடந்த 1980 ஜனவரி 24 அன்று டாலருக்கு 47 லிராவாக இருந்த மாற்று விகிதத்தை 70 ஆக்கி, நாட்டின் சந்தையைத் திறக்கும் முடிவுகளை அறிவித்தார். அவற்றை வகுத்தவர் துர்குத் ஒஸால்; டெமிரெலின் பல்கலைக்கழகத்திலேயே படித்த பொறியாளர், டெமிரெலே திட்டக் குழுவுக்குக் கொண்டுவந்தவர். எட்டு மாதத்தில் தளபதி கெனான் எவ்ரெனின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டெமிரெலைக் காவலில் வைத்தது, ஒஸாலைத் துணைப் பிரதமராக வைத்துக்கொண்டது. 1982 அரசியல் சாசனம் டெமிரெலுக்குப் பத்தாண்டு அரசியல் தடை விதித்தது. தடையை நீக்கலாமா என்று 1987 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, பிரதமராக இருந்த ஒஸால் வேண்டாம் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 50.16 சதவீதம் பேர் நீக்கலாம் என்றார்கள். மயிரிழையில் திரும்பி வந்தார்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி வருகிறது. தடைக்காலத்தில் டெமிரெல் மாறினார், ஜனநாயகத்தையும் மனித உரிமையையும் பேசினார், 1991 தேர்தலில் காவல் நிலையங்களின் சுவர்கள் கண்ணாடியாகும் என்று வாக்களித்தார், பிரதமரானதும் அந்த டிசம்பரிலேயே தியார்பகிருக்குப் போய்க் குர்து மக்கள் என்ற உண்மையை ஏற்கிறோம் என்று அறிவித்தார். இது அணைக்காரரின் பேச்சா? நியாயமான கேள்வி. அந்த அறிவிப்பு சிறியது இல்லை. குர்துகள் என்று ஓர் இனமே இல்லை என்று அரசு சாதித்துவந்த நாட்டில் ஒரு பிரதமர் அதைச் சொன்னார்.

அடுத்து நடந்ததைப் பார்ப்போம். 1992 மார்ச்சில் நவ்ரூஸ் திருநாளன்று ஜிஸ்ரே, ஷிர்னாக், நுசைபின் ஊர்களில் பாதுகாப்புப் படைகளின் துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அவசரநிலை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. ஒஸால் இறந்தபின் 1993 மே மாதம் டெமிரெல் குடியரசுத் தலைவரானார். தேசியப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அந்த ஆண்டுகளில்தான் தென்கிழக்கின் கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. நாடாளுமன்றக் குழுவே 1998இல் கொடுத்த கணக்கு: 3,428 கிராமங்களும் குடியிருப்புகளும், 3,78,335 மக்கள். மனித உரிமை அமைப்புகள் இதைக் குறைவான கணக்கு என்கின்றன.

தியார்பகிரில் பொய் சொன்னார் என்று முடித்துவிடலாமா? அப்படி முடிப்பவர்கள் அதே காலத்தில் அவர் உண்மையான ஆர்வத்தோடு செய்ததைக் கவனிக்கத் தவறுகிறார்கள். 1992 ஜூலையில் யூப்ரடீஸ் மேல் அத்தாதுர்க் அணையைத் திறந்து வைத்தார். 22 அணைகள், 19 நீர்மின் நிலையங்கள் கொண்ட தென்கிழக்கு அனத்தோலியத் திட்டத்தின் முதுகெலும்பு அது. 26 கிலோமீட்டருக்கும் நீளமான இரட்டைச் சுரங்கங்கள் வழியாக ஹர்ரான் சமவெளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. குர்துப் பிரச்சினைக்கு டெமிரெலிடம் இருந்த விடை இதுதான், இதை அவர் மனதார நம்பினார். வறுமைதான் வேர், தண்ணீர் வந்தால் வறுமை போகும், வறுமை போனால் கலகம் போகும். குர்து மக்கள் என்ற உண்மையை அவர் ஏற்றார். பாசனம் தேவைப்படும் மக்களாக ஏற்றார். தங்கள் மொழியில் பள்ளி கேட்கும் மக்களாக, தங்கள் கிராமத்தில் இருக்க உரிமை கேட்கும் மக்களாக ஏற்கவில்லை.

தண்ணீராவது எல்லோருக்கும் போனதா? மின் உற்பத்தி வேகமாக முன்னேறியது, பாசனம் வெகுதூரம் பின்தங்கியது. மின்கம்பிகள் மேற்கிலுள்ள ஆலைகளுக்குப் போயின. நிலம் பெருநிலக்கிழார்கள் கையிலேயே இருந்தது. அவர்கள்தான் டெமிரெலின் கட்சிகளுக்குத் தேர்தல்தோறும் அப்பகுதி வாக்குகளைத் திரட்டித் தந்தவர்கள். நிலச்சீர்திருத்தம் செய்யாமல் பாசனம் கொடுத்தால் நிலம் உள்ளவருக்கு விளைச்சல் பெருகும், கூலிக்காரர் கூலிக்காரராகவே இருப்பார். கால்வாய் எங்கே வெட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதர், அந்தத் தண்ணீர் யாருடைய வயலில் பாய்கிறது என்ற கேள்வியை அரசியலாகவே பார்க்கவில்லை. நீர்த்தேக்கத்துக்காகப் பல்லாயிரம் பேர் வீடு இழந்தார்கள். பழைய சம்சாத் நகரம் முழுவதும் நீருக்குள் போனது. கீழே சிரியாவும் ஈராக்கும் இருந்தன. திறப்பு விழாவை ஒட்டி டெமிரெல் சொன்னது, அவர்களுடைய எண்ணெயில் துருக்கி பங்கு கேட்காததுபோல் துருக்கியின் நீரில் அவர்கள் பங்கு கேட்க முடியாது என்பது. ஆறும் எண்ணெயும் ஒன்றல்ல என்பது நீரியல் படித்தவருக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னார், ஏனென்றால் கீழ்நிலத்து உழவர் அவருடைய வாக்காளர் அல்லர்.

1997ஐ அவருடைய பெரிய துரோகம் என்பார்கள். பிப்ரவரி 28 அன்று அவருடைய தலைமையில் கூடிய பாதுகாப்புக் குழுவில் தளபதிகள் பிரதமர் எர்பகானுக்கு நிபந்தனைகள் விதித்தார்கள். எர்பகான் டெமிரெல் படித்த அதே இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் படித்த இயந்திரப் பொறியாளர். ஜூனில் அவர் விலகி, கூட்டணி உடன்பாட்டின்படி கூட்டாளிக் கட்சித் தலைவர் தான்சு சில்லரைப் பிரதமராக்கக் கேட்டார். பெரும்பான்மை எங்களிடம் உண்டு என்று கையொப்பங்களையும் காட்டினார்கள். டெமிரெல் எதிர்க்கட்சித் தலைவர் மெசுத் இல்மாஸை ஆட்சியமைக்க அழைத்தார். ராணுவக் கடிதத்தால் ஒருமுறை வீழ்ந்தவர் இன்னொருவர் வீழ உதவினாரே என்று கேட்கிறார்கள். டாங்கிகள் வராமல் தடுத்தேன் என்பது அவர் தரப்பு. அவரைப் பொறுத்தவரை 1971இல் செய்ததையே 1997இலும் செய்தார்: எந்திரம் நிற்காமல் ஓட வேண்டும், அதற்கு ஓர் ஆட்சி போய்த்தான் ஆகவேண்டுமென்றால் போகட்டும். முதல் தடவை போனது அவருடைய ஆட்சி, இரண்டாம் தடவை மற்றவருடையது. நான் இதைக் கண்டிக்கிறேன். ஆனால் சந்தர்ப்பவாதம் என்று கண்டிக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அவருக்குச் சேர வேண்டிய பாராட்டையும் மறுக்க மாட்டேன். பிரதமர் ஒருவர் தூக்கிலேறிய நாட்டில், தோற்றால் வீட்டுக்குப் போவது என்பதை ஒரு வழக்கமாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். 2000இல் அவருடைய பதவிக்காலத்தை நீட்டிக்கும் சாசனத் திருத்தம் அவையில் தோற்றதும் மறுபேச்சின்றி இறங்கினார். எதிரிகளோடு ஒரே மேசையில் உட்காரத் தெரிந்தவர். பின்னால் வந்தவர்களோடு ஒப்பிடும்போது இந்தக் குணம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் 'கொள்கையற்றவர்' என்ற பட்டத்தை நான் ஏன் இவ்வளவு வன்மையாக மறுக்கிறேன் என்றால், அந்தப் பட்டம் கொள்கையைத் தப்பவிட்டுவிடுகிறது. கோளாறு மனிதரிடம்தான், அவருடைய இடத்தில் உறுதியான ஒருவர் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பவைக்கிறது. 2002இல் உறுதியானவர்கள் வந்தார்கள். எர்பகானின் இயக்கத்தில் வளர்ந்தவர்கள், 1997இன் காயத்தைச் சுமந்தவர்கள், டெமிரெலின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள். தேர்தலுக்குத் தேர்தல் அவர்கள் மக்கள் முன் வைத்தது பாலங்கள், விமான நிலையங்கள், சுரங்கப் பாதைகள், இரட்டைச் சாலைகள். டைகரிஸ் மேல் இலிசு அணையைப் பற்றிய யோசனை டெமிரெலின் இளமைக் காலத்திலேயே, 1950களில், அரசுக் கோப்புகளில் ஏறியது. ஹசன்கெய்ஃப் ஊரார் அதைப் பல்லாண்டுகள் எதிர்த்தார்கள். ஐரோப்பிய அரசுகள் கடன் உத்தரவாதத்தைத் திரும்பப் பெற்றன. அணை நிற்கவில்லை, 2020இல் ஊர் மூழ்கியது. டெமிரெலை எதிர்த்த முகாமிலிருந்து வந்தவர்கள் அந்த ஊராருக்குத் தந்த பதில், மின்சாரம் வரும், வேலை வரும், மேட்டில் புது வீடு கட்டித் தருகிறோம் என்பதுதான்.